பிலிப் நோலன்: குதிரை வியாபாரியா, கடத்தல்காரரா?

பிலிப் நோலன் குதிரை வியாபாரியா, கடத்தல்காரரா, இல்லை அமெரிக்க உளவாளியா? டெக்சாஸில் ஓர் ஆற்றுக்கும் ஒரு மாவட்டத்துக்கும் அவர் பெயர் வைக்கும் அளவுக்கு அப்படி என்ன செய்தார்? இதுதான் கேள்வி.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். 1863ல், அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது, ஒரு கதை வெளிவந்து பெரும் புகழ் பெற்றது. சொந்த நாட்டைச் சபித்த குற்றத்துக்காக, கரையையே பார்க்காமல் ஆயுள் முழுக்கக் கப்பலில் கழிக்கும் ஓர் ராணுவ அதிகாரியின் கதை. அந்தப் பாத்திரத்துக்கும் பிலிப் நோலன் என்றுதான் பெயர். அவர் கற்பனை, இவர் நிஜம். இணையத்தில் பாதிப் பேர் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள்.

நிஜ நோலன் 1771ல் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் பிறந்தவர். முப்பது வயதுக்குள் செத்தும் போனார். 1795ல் சான் அன்டோனியோவில் அவரைப் பற்றி விசாரித்திருந்தால், 'நல்ல பிள்ளை, கவர்னருக்கு வேண்டியவர்' என்றிருப்பார்கள். 1800ல் அதே ஊருக்கு வந்து சேர்ந்த உத்தரவு, அவர் திரும்பி வந்தால் கைது செய்யச் சொன்னது. இரண்டு காலத்திலும் அவர் செய்தது ஒரே வேலை, பிடித்தது ஒரே காட்டுக்குதிரை. நடுவில் மாறியது கையில் இருந்த காகிதமும் அதில் கையெழுத்துப் போட்ட ஆளும்தான். என்னைக் கேட்டால் அவர் வாழ்க்கையின் சாவி அங்கேதான் இருக்கிறது. உளவாளி கதை சுவையானதுதான், ஆனால் அது இரண்டாவது.

அந்தக் காலத்து நிலவரம் தெரியாவிட்டால் இது பிடிபடாது. 1763 முதல் லூசியானாவும் ஸ்பெயினுடையது, டெக்சாஸும் ஸ்பெயினுடையது. ஒரே ராஜா, ஒரே கொடி. ஆனால் லூசியானா கவர்னர் கியூபாவின் நிர்வாகத்தின் கீழ் இருந்தார். டெக்சாஸ் கவர்னரோ மெக்சிகோவின் வடக்கே சிவாவாவில் உட்கார்ந்திருந்த தலைமைத் தளபதிக்குக் கட்டுப்பட்டவர். இரண்டு மாகாணங்களுக்கும் இடையே வியாபாரம் தடை செய்யப்பட்டிருந்தது. டெக்சாஸில் ஒரு கத்தியோ ஒரு முழத் துணியோ சட்டப்படி வாங்க வேண்டுமானால், அது வேராக்ரூஸ் துறைமுகத்தில் இறங்கி, மெக்சிகோ முழுவதையும் கழுதை முதுகில் கடந்து வர வேண்டும். பக்கத்து லூசியானாவிலிருந்து வந்தால் அது கள்ளச்சரக்கு. வேராக்ரூஸ் வழி வந்து சேரும்போது விலை எங்கே நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் எல்லையோர மக்கள் எல்லாரும் ஏதோ ஒரு விதத்தில் கடத்தல்காரர்கள்தான். நாக்கடோச்சஸ் என்ற எல்லை ஊரை 1779ல் நிறுவி அதன் தலைவராக இருந்த கில் இபார்போவே, கடத்தல் குற்றச்சாட்டில் 1790களின் தொடக்கத்தில் பதவி இழந்தார். வேலியே பயிரை மேய்ந்த ஊர் அது.

குதிரைக்கு ஏன் அவ்வளவு கிராக்கி? டெக்சாஸ் புல்வெளியில் சூட்டுக்குறி இல்லாத காட்டுக்குதிரைகள் ஆயிரக்கணக்கில் திரிந்தன. ஸ்பானியர் ஓட்டி வந்த குதிரைகளில் தப்பி ஓடியவற்றின் வாரிசுகள். மெஸ்டென்யோ என்று அங்கே சொன்னதைத்தான் ஆங்கிலம் பேசுகிறவர்கள் மஸ்டாங் ஆக்கினார்கள். கிழக்கே மிசிசிப்பிக் கரையில் நாச்செஸ் ஊரில் 1795 வாக்கில் பருத்தி அரைவை இயந்திரம் வந்திறங்கியது. காடு திருத்தி எல்லாரும் பருத்தி போட்டார்கள். ஏறுவதற்கும் இழுப்பதற்கும் குதிரை வேண்டும். லூசியானாவில் இருந்த ஸ்பானியப் படைக்கும் குதிரை வேண்டும். மேற்கே சும்மா திரிவது கிழக்கே காசு. நடுவில் எண்ணூறு கிலோமீட்டருக்குக் குறையாத பாதை, நாலைந்து பெரிய ஆறுகள், ஒரு தடைச்சட்டம்.

நோலன் இந்தத் தொழிலுக்குள் வந்தது ஒரு பெரிய மனிதரின் கணக்குப்பிள்ளையாக. ஜேம்ஸ் வில்கின்சன் என்ற அமெரிக்கத் தளபதி, கெண்டக்கியிலிருந்து புகையிலையும் மற்ற சரக்கும் ஆற்று வழியே நியூ ஆர்லியன்ஸுக்கு அனுப்பி வியாபாரம் செய்தவர். பிற்காலத்தில் அமெரிக்கப் படைக்கே தலைமை ஏற்ற இந்த ஆள், 1787லேயே ஸ்பெயினுக்கு ரகசிய விசுவாசம் சொல்லிப் பணம் வாங்கத் தொடங்கியவர். ஸ்பானிய ஆவணங்களில் அவர் பெயர் 'முகவர் 13'. 1788லிருந்து மூன்று வருடம் நோலன் இவருக்கு நியூ ஆர்லியன்ஸில் ஆளாக இருந்தார். யாரைப் பார்க்க வேண்டும், எந்தக் கதவை எப்படித் தட்ட வேண்டும் என்பதையெல்லாம் அங்கேதான் கற்றிருப்பார். 1796ல் ஸ்பெயின் வில்கின்சனுக்கு அனுப்பிய 9,000 டாலருக்கு மேற்பட்ட வெள்ளிக்காசு, சர்க்கரைப் பீப்பாயிலும் காப்பிக்கொட்டைப் பீப்பாயிலும் புதைத்து ஆற்றில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டது. கடைசிக் கட்டத்தில் அதை வாங்கி வில்கின்சனிடம் சேர்த்தவர் நோலன். கடத்தல்காரர் என்ற பட்டத்துக்கு என்னைப் பொறுத்தவரை இதுதான் வலுவான சான்று, குதிரை இல்லை.

1791ல், இருபது வயதில், லூசியானா கவர்னர் மீரோவிடம் அனுமதிச்சீட்டு வாங்கிக்கொண்டு முதல் முறையாக டெக்சாஸ் போனார். அந்தக் காகிதம் அங்கே செல்லுபடியாகவில்லை. வேறு நிர்வாகம் என்றேனே, அதுதான். கொண்டுபோன சரக்கைப் பறித்துக்கொண்டார்கள். கைமுதல் போன பையன் ஊர் திரும்பாமல், பூர்வகுடி மக்களோடு சேர்ந்து வேட்டையாடிக்கொண்டு இரண்டு வருடம் திரிந்தார். பிற்பாடு வில்கின்சனுக்கு எழுதிய கடிதத்தில், வேட்டைக்காரனாக வாழ்ந்து பார்த்தேன், அவர்களுக்கும் என்னைப் பிடித்திருந்தது, ஆனால் என் மனசை முழுக்க அவர்கள் மனசாக்க முடியவில்லை என்ற பொருளில் சொல்லியிருக்கிறார். திரும்பி வரும்போது கையில் ஐம்பது குதிரை. நியூ ஆர்லியன்ஸில் எல்லாரும் அவர் செத்துவிட்டதாகவே நினைத்திருந்தார்கள்.

அந்த இரண்டு வருடத்தில் அவர் சம்பாதித்த பெரிய சொத்து குதிரையல்ல. எந்த ஆற்றை எங்கே கடக்கலாம், எந்தக் கூட்டத்தோடு எப்படிப் பேச வேண்டும் என்பதைக் கற்றுக்கொண்டார். மொழி தெரியாத கூட்டங்கள் தமக்குள் கைச்சைகையால் பேசிக்கொள்ளும் முறையும் அவருக்கு அத்துப்படி. நாச்செஸில் இருந்த வில்லியம் டன்பார் என்ற அறிஞர் அந்தச் சைகைகளை இவரிடம் கேட்டெழுதி அனுப்பினார். 1801 ஜனவரியில் பிலடெல்பியாவின் தத்துவக் கழகத்தில் அந்தக் கட்டுரை வாசிக்கப்பட்டது.

இரண்டாவது பயணம் 1794ல். இம்முறை புதிய கவர்னர் காரொந்தெலேவின் அனுமதி, அதுவும் லூசியானா படைக்குக் குதிரை வாங்கி வருவதற்கு. அரசாங்கக் காரியம் ஆகிவிட்டதால் கதவுகள் திறந்தன. சிவாவாவில் இருந்த தலைமைத் தளபதி பெத்ரோ தே நாவாவும் டெக்சாஸ் கவர்னர் மனுவேல் முன்யோஸும் அவருக்கு வேண்டியவர்கள் ஆனார்கள். 1795 முடிவில் 250 குதிரைகளோடு நாச்செஸ் வந்தார். அரசாங்கச் சீட்டு வைத்திருப்பவர் தன் வண்டியில் அரசாங்கத்துக்காக மட்டும்தான் சரக்கு ஏற்றுவார் என்று நம்ப நாம் குழந்தைகள் இல்லை. போகும்போது துணியும் சாமானும், வரும்போது குதிரை. ஒப்பந்தமும் கடத்தலும் ஒரே வண்டியில்தான் போய் வந்தன.

சரி, காட்டுக்குதிரையை எப்படிப் பிடித்தார்கள்? துரத்திக் கயிறு வீசி ஒன்றொன்றாகப் பிடிப்பது சினிமாவுக்குச் சரி. வியாபாரத்துக்கு மந்தையாகப் பிடிக்க வேண்டும். குதிரைகள் தண்ணீருக்கு வரும் தடம் பார்த்து, மரத்தூண்களை நெருக்கமாக நட்டு ஒரு பட்டி கட்டுவார்கள். அதன் வாயிலிருந்து இரண்டு பக்கமும் வேலியை விரித்துக்கொண்டே வெகுதூரம் இழுத்துவிடுவார்கள், புனல் மாதிரி. வேகமான குதிரைகளில் ஆட்கள் மந்தையின் பின்னாலும் பக்கவாட்டிலும் போய், நிதானமாகத் தொடங்கிக் கடைசியில் விரட்டி உள்ளே தள்ளுவார்கள். இங்கே ஆபத்து குதிரை வராமல் போவதில் மட்டும் இல்லை, அளவுக்கு மேல் வந்துவிடுவதிலும் இருந்தது. மந்தை பெரிதாக இருந்தால் வேலியில் மோதி, ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, செத்த குதிரைகளின் மேல் ஏறியே மற்றவை தப்பிவிடும். அதனால் மேலும் மேலும் வருவதைக் கண்டால் அனுபவசாலிகள் பட்டியைத் திறந்து ஒரு பகுதியைப் போகவிட்டு விடுவார்களாம்.

அடைபட்ட பிறகும் சாவு நிற்காது. டெக்சாஸின் குதிரை பிடிக்கிறவர்கள் இதற்கென்றே சொற்கள் வைத்திருந்தார்கள். உள்ளே வந்த குதிரை தின்னாமல் குடிக்காமல் ஏங்கிச் செத்தால் அது 'சென்டிமியென்டோ', அதாவது மனம் உடைந்து போனது. வெறிபிடித்து முட்டி மோதிச் செத்தால் 'தெஸ்பெச்சோ'. பிணங்கள் கிடந்து நாறிய பட்டிக்கு 'எதியோந்தோ' என்று பெயர். ஒருமுறை அந்த நாற்றம் ஏறிவிட்டால் அந்தப் பட்டிக்குள் மறுபடி எந்தக் குதிரையையும் ஓட்ட முடியாது. தப்பிப் பிழைத்ததைப் பட்டினி போட்டு, காலைக் கட்டி, பழகிய குதிரையோடு பிணைத்து அடக்குவார்கள். பிறகு ஆறு ஆறாக நீந்த வைத்துக் கிழக்கே ஓட்ட வேண்டும். நாச்செஸில் விற்ற ஒவ்வொரு குதிரைக்கும் பின்னால் வழியில் போன குதிரைகளின் கணக்கு ஒன்று உண்டு, அதை யாரும் எழுதி வைக்கவில்லை. இன்னொன்று: 1778ல் தளபதி தியோதோரோ தே குரோய் போட்ட ஆணைப்படி, சூட்டுக்குறி இல்லாத விலங்கெல்லாம் ராஜாவின் சொத்து. பிடிக்கிறவர் தலைக்கு இவ்வளவு என்று வரி கட்ட வேண்டும். புல்வெளியில் பிறந்து வளர்ந்து மனிதனையே பார்க்காத குதிரையும் மாட்ரிட் அரண்மனைக்குச் சொந்தம்!

மூன்றாவது பயணம் 1797ல் தொடங்கியது. இதுதான் பெரியது. இதற்கும் சீட்டு கொடுத்தவர் காரொந்தெலேதான். ஆனால் நோலன் டெக்சாஸில் இருக்கும்போதே கிழக்கே எல்லாம் மாறிவிட்டது. ஸ்பெயினும் அமெரிக்காவும் செய்த 1795 ஒப்பந்தத்தின்படி, அதுவரை ஸ்பெயின் கையில் இருந்த நாச்செஸ் அமெரிக்காவுக்குப் போக வேண்டும். அந்த எல்லையை அளக்க வந்த ஆண்ட்ரூ எல்லிக்காட்டோடு நோலன் முன்பே மிசிசிப்பியில் சேர்ந்து பயணம் செய்து நட்பாகியிருந்தார். காரொந்தெலேவுக்குப் பின் லூசியானா கவர்னராக வந்த கயோசோ தே லெமோஸுக்கு இதெல்லாம் உறுத்தியது. அமெரிக்கத் தளபதியின் வளர்ப்பு, அமெரிக்க அளவையாளரின் நண்பன், டெக்சாஸின் ஒவ்வொரு ஓடையும் தெரிந்தவன், வரைபடமும் போடுகிறான் என்கிறார்கள்; இவனை எப்படி உள்ளே விடுவது? நாவாவுக்கும் மற்றவர்களுக்கும் எச்சரித்துக் கடிதம் எழுதினார். முன்யோஸ் மட்டும் கடைசிவரை நோலனுக்காகப் பேசி, பத்திரமாக வெளியேற வழி செய்து கொடுத்தார். 1,200க்கு மேற்பட்ட குதிரைகளோடு 1799ல் நோலன் நாச்செஸ் திரும்பினார். அந்த வருடம் ஜூலையிலேயே கயோசோவும் செத்தார், முன்யோஸும் செத்தார். பகையும் போயிற்று, பாதுகாப்பும் போயிற்று. நோலனுக்கு அதிகம் நஷ்டம் இரண்டாவது.

இதற்கு நடுவே இன்னொரு கடிதம். 1798 ஜூனில் அமெரிக்கத் துணை ஜனாதிபதியாக இருந்த தாமஸ் ஜெபர்சன் நோலனுக்கு எழுதினார். காட்டில் சுதந்திரமாகத் திரியும் குதிரையின் இயல்பைப் பற்றி உலகில் வேறெங்கும் அறிய முடியாது, நீங்கள் கண்டதை எழுதுங்கள் என்று கேட்டார். ஜெபர்சனுக்கு விலங்கியலில் நிஜமான ஆர்வம் உண்டுதான். அதே சமயம் டெக்சாஸ் பற்றிய எந்தத் தகவலும் அவருக்குக் கசக்காது. நோலன் அப்போது டெக்சாஸில் இருந்ததால் நியூ ஆர்லியன்ஸ் வணிகர் டேனியல் கிளார்க்தான் பதில் எழுதினார். இதை வைத்து நோலன் ஜெபர்சனின் ஒற்றர் என்று சொல்கிறவர்கள் உண்டு. ஒரு கடிதத்தை வைத்து அவ்வளவு தூரம் போக நான் தயாரில்லை. அவர் போட்டதாகச் சொல்லும் வரைபடமும் இதுவரை கிடைக்கவில்லை.

1799 டிசம்பரில் நாச்செஸில் ஃபிரான்சஸ் லின்டட் என்ற வசதியான வீட்டுப் பெண்ணை மணந்தார். குதிரை விற்ற காசு இருந்தது, மனைவி இருந்தாள், மாமனார் வீட்டுச் செல்வாக்கு இருந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் 1800 அக்டோபர் கடைசியில் இருபதுக்குச் சற்று மேற்பட்ட ஆட்களோடு, நல்ல ஆயுதங்களோடு, எந்தச் சீட்டும் இல்லாமல் நான்காம் முறை கிளம்பினார். நாச்செஸில் ஸ்பெயினின் பிரதிநிதியாக இருந்த ஹோசே விடால் ஆட்சேபித்தார். அமெரிக்க அதிகாரிகள் தடுக்கவில்லை. கிளம்பும் முன் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில் நோலன் சொன்னதைத்தான் வரலாற்றாசிரியர்கள் இன்றும் பிய்த்துக்கொண்டிருக்கிறார்கள்: எல்லாரும் நான் காட்டுக்குதிரை பிடிக்கப் போவதாக நினைக்கிறார்கள், ஆனால் காட்டுக்குதிரை எனக்கு எப்போதோ அலுத்துவிட்டது, அது உனக்குத் தெரியும்.

அப்படியானால் எதற்குப் போனார்? டெக்சாஸைப் பிடிக்கவா? இருபது சொச்சம் பேரை வைத்துக்கொண்டா? நிலம் பார்க்க, பின்னால் வரப்போகும் பெரிய ஒன்றுக்கு வழி பார்க்க என்பது ஓரளவு நம்பும்படி இருக்கிறது. போன இடத்தில் அவர் செய்தது என்னவோ அலுத்துப்போன அதே வேலைதான். பிராசோஸ் ஆற்றுப் பக்கம் போய், கூரையில்லாத ஒரு மரக்கட்டை அரணும் பட்டிகளும் கட்டிக் குதிரை பிடித்தார்கள். எல்லிஸ் பீன் என்ற பதினேழு வயதுப் பையன் அந்தக் கூட்டத்தில் இருந்தான். இரை கிடைக்காமல் வழியில் ஒன்பது நாள் காட்டுக்குதிரைக் கறியே தின்றதாகவும், முந்நூறு குதிரை பிடித்ததாகவும் பின்னாளில் அவன் எழுதினான்.

கூட்டத்திலிருந்து ஓடிவந்த ஒருவர் மூலம் செய்தி ஸ்பானியர் காதுக்குப் போயிற்று. நாக்கடோச்சஸிலிருந்து லெப்டினன்ட் மிகேல் முஸ்கிஸ் நூறுக்கு மேற்பட்ட ஆட்களையும் ஒரு சிறு பீரங்கியையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். 1801 மார்ச் 21 விடியும் நேரம் அரணைச் சுற்றி வளைத்தார். சரணடையச் சொல்ல ஆங்கிலம் தெரிந்த ஆள் வேண்டுமே, அதற்காக வில்லியம் பார் என்பவரையும் அழைத்து வந்திருந்தார். இந்த பார் யார் தெரியுமா? இவரும் அயர்லாந்தில் பிறந்தவர். நாக்கடோச்சஸில் ஸ்பெயினின் உரிமத்தோடு கடை நடத்தி, பூர்வகுடி மக்களுக்குச் சரக்கு விற்று, பதிலுக்குக் கிடைத்த குதிரைகளை லூசியானாவுக்கு அனுப்பிய வியாபாரி. நோலன் செய்த அதே தொழில். அரணுக்கு வெளியே நின்றவர் கையில் காகிதம் இருந்தது, உள்ளே நின்றவர் கையில் இல்லை.

நோலன் சரணடைய மறுத்தார். சண்டை தொடங்கிச் சில நிமிடங்களில் தலையில் குண்டு பாய்ந்து செத்தார். மற்றவர்கள் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்துப் பிறகு பிடிபட்டார்கள். அவர்கள் பட்ட பாடு தனிக் கதை. சான் அன்டோனியோ, சான் லூயிஸ் பொட்டோசி, சிவாவா என்று சிறை சிறையாகச் சுற்றினார்கள். 1804ல் ஒரு நீதிபதி விடுதலை செய்யச் சொன்னார். தலைமைத் தளபதி சால்செதோ அதை ஏற்காமல் ராஜாவுக்கு எழுதினார். ராஜாவின் தீர்ப்பு 1807ல் வந்து சேர்ந்தது: ஐந்தில் ஒருவரைத் தூக்கிலிடுக. அதற்குள் ஒன்பது பேர்தான் மிச்சம் என்பதால் ஒரு உயிர் போதும் என்று முடிவானது. கண்ணைக் கட்டி, முரசின் மேல் இரண்டு பகடைகளை உருட்ட வைத்தார்கள்; குறைந்த எண் விழுந்தவருக்குத் தூக்கு. பீனுக்கு ஐந்து விழுந்தது. வயதில் மூத்த எஃப்ரயிம் பிளாக்பர்னுக்கு மூன்றும் ஒன்றும், நாலு. 1807 நவம்பர் 11 அன்று அவரைத் தூக்கிலிட்டார்கள். பீன் பிழைத்துக் கிடந்து, மெக்சிகோ விடுதலைப் போரில் கிளர்ச்சித் தலைவர் மொரேலோஸ் பக்கம் சேர்ந்து, 1846 வரை இருந்தார்.

நோலனோடு அன்று இரண்டு கறுப்பின அடிமைகள் இருந்தார்கள், சீசர், ராபர்ட். சண்டை முடிந்ததும் எஜமானைப் புதைக்க அனுமதி கேட்டார்கள். முஸ்கிஸ் அனுமதித்தார், ஆனால் அதற்கு முன் இரண்டு காதுகளையும் அறுத்தெடுக்கச் சொன்னார். செத்தது நோலன்தான் என்பதற்குச் சான்றாகக் காதுகள் சான் அன்டோனியோவில் கவர்னர் எல்கேசபாலுக்குப் போயின. இன்றைய புளும் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், பிராசோஸில் போய்ச் சேரும் ஒரு ஆற்றுக்கு நோலன் ஆறு என்று பெயர். சீசரும் ராபர்ட்டும் தோண்டிய குழி அந்தச் சுற்றுவட்டாரத்தில் எங்கே என்று இதுவரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.